ஆர்தர் எட்டுக்கு மணி அடித்தான்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படித்தேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். பதினாறு வயதில் தெற்குச் சீமை நாசரேத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு மராத்திக்காரர் ஊரான தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கினேன். முதல் வேலை, ராணுவ டெப்போ குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தது. இன்றைக்கு நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிற காண்டிராக்டர். ஹைவே ஓரத்து பாணேரில் நீங்கள் அண்ணாந்து பார்க்கிற அபார்ட்மெண்ட்களில் பதினொன்றுக்கு நிறம் கொடுத்தது பவுன் என்கிற நான்தான். எங்கள் ஒலிவமலை ஆலயத்தின் தமிழ்ச் சபைக்குப் பதினான்கு வருஷமாக நான்தான் செயலாளர். பிஷப் வந்தால் ஆயருக்கு முன்னால் என் கையைத்தான் பிடித்துக் குலுக்குவார். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை. எங்கள் கோயில்குட்டி ஆர்தரைப் பற்றி.

கோயில்குட்டி என்றால் கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மணி அடிக்கிற ஆள். எங்கள் பக்கத்துப் பேச்சு அது. இங்கே உள்ள சின்னப் பிள்ளைகள் 'பெல் அங்கிள்' என்கிறார்கள். ஆர்தருக்கு அறுபத்தாறு வயது. டெப்போவில் மஜ்தூராக, அதாவது கூலியாளாக, இருந்து ரிட்டயர் ஆனவன். இடது கையில் இரண்டு விரல் பாதிதான்; வாலிபத்தில் ஓடுகிற சைக்கிளின் சங்கிலியைச் சரிபண்ணப் பார்த்த புத்திசாலி. மிச்சமிருக்கிற எட்டு விரலால் முப்பத்தொரு வருஷமாகக் கயிறு இழுக்கிறான். மனைவி இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகள் ஹெலினா, பாணேரில் ஒரு கம்பெனியில் வேலை. ஸ்கூட்டியில் போவாள், வருவாள். தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வாக்கியத்தில் இந்திக்குத் தாவிவிடுவாள்.

ஆர்தர் பேச மாட்டான். நான் அவனிடம் ஒரு மணி நேரம் பேசினால், "சரி அண்ணாச்சி" என்று இரண்டு தடவை சொல்லுவான். அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கும்.

அவனுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. கையில் ஒரு பழைய கைக்கடிகாரம். டெப்போவில் ஷிஃப்டுக்கு போங்காச் சங்கு ஊதும்போது தினம் அதைச் சரிபார்ப்பான். முதல் மணி ஏழரைக்கு, வீட்டில் இருப்பவர்களைக் கிளப்புவதற்கு. கடைசி மணி எட்டுக்கு. கடைசி மணி ஓய்ந்ததும் சபை எழுந்து நிற்கும். பாடகர் குழு முன்னால் வர, ஆயர் அங்கி தரையைப் பெருக்கப் பின்னால் வருவார். ஆராதனை ஆரம்பம்.

இதை யோசித்துப் பாருங்கள். கடைசி மணி அடிக்காத வரைக்கும் ஆராதனை ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்காத ஆராதனைக்கு யாரும் தாமதமாக வர முடியாது. இந்த ஞானத்தைக் கண்டுபிடித்தவர் 2024ல் எங்களுக்கு வந்த புது ஆயர்.

பேரைச் சொல்ல மாட்டேன். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார், அந்த ஊர்க்காரர்கள் பாவம். குரல் நல்ல குரல். மைக் இல்லாமலே இந்திராயணி ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். ஆனால் ஞாயிறு காலை ஆறரைக்கு பாணேரில் ஒரு பெரிய பிளாட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தார். ஜெபம் அரை மணி, நாஷ்டா முக்கால் மணி. பரிசுத்த ஆவியானவர் எந்த நேரத்தில் இறங்குவாரோ தெரியாது, பொங்கலும் வடையும் சரியாக ஏழேகாலுக்கு இறங்கிவிடும். சாப்பிட்டுக் கை கழுவி ஹைவேயில் ஏறும்போது எட்டு ஆகியிருக்கும். ஆர்தருக்குப் போன் வரும்.

"ஆர்தர், வந்துக்கிட்டே இருக்கேன். மணியைப் பிடிச்சு வை."

ஆர்தர் கயிற்றைப் பிடித்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். வெள்ளைக் கார் திரும்பியதும் அடிப்பான். எட்டு பதினைந்து, எட்டு இருபது, ஒரு நாள் எட்டு முப்பத்தொன்று. ஒன்பதே முக்காலுக்கு மராத்திச் சபைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள், அவர்களுக்கு இடத்தை விட வேண்டும். அதனால் எங்களுக்குப் பாட்டு குறைந்தது, சங்கீத வாசிப்பு குறைந்தது. பிரசங்கம் மட்டும் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. அதில் ஒரு பிரசங்கத்துக்குத் தலைப்பே 'காத்திருக்கக் கற்றுக்கொள்'.

சபையில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரிடமும் செல்போன் இருக்கிறதே. ஆனால் யாரும் கேட்கவில்லை. ஆயரைக் கேட்டால் ஞானஸ்நானம் யார் கொடுப்பார், கல்யாணம் யார் முடிப்பார், அடக்கம் யார் பண்ணுவார்? பிறந்ததிலிருந்து புதைக்கிற வரைக்கும் அவர் கையெழுத்து வேண்டும். நான் ஏன் கேட்கவில்லை என்றால், எனக்கு வேறு வேலை இருந்தது. அப்படித்தான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன்.

2025 ஜனவரி இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. குடியரசு தினம். எங்கள் சபையில் பாதிப்பேர் டெப்போக்காரர்கள், ஒன்பதேகாலுக்குக் கொடியேற்றத்துக்கு நிற்க வேண்டும். ஆர்தர் சனிக்கிழமையே ஆயரிடம் சொல்லியிருக்கிறான். "பாத்துக்கலாம்" என்று பதில். காலையில் போன் வந்தது: பிடிச்சு வை.

ஆர்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு ஆனதும் அடித்தான்.

மணி ஓய்ந்தது. சபை எழுந்து வாசல் பக்கம் திரும்பியது. பாடகர் குழு வந்தது. அவர்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. அப்புறம் யார் முன்னால் போனது என்று கேட்கிறீர்களா? நான்தான். ஐந்தாம் வகுப்பு. கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, முதல் பாட்டைச் சொல்லி, ஆராதனையைத் தொடங்கினேன். ஒரு எழுத்துத் தவறவில்லை. இரண்டு எழுத்துத் தவறியது என்று என் மனைவி எல்சி சொல்வாள், அவளை விடுங்கள்.

எட்டு இருபத்தேழுக்கு ஆயர் உள்ளே வந்தார். அப்போது பாவ அறிக்கை நடந்துகொண்டிருந்தது. மொத்தச் சபையும் முழங்காலில். நடுப்பாதையில் அவருடைய புது ஷூ மட்டும் கீச்சு கீச்சு என்று நடந்து வந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்தது. அந்த இருமலை ஆயர் மன்னிக்கவில்லை.

என்னை ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கேட்க முடியாது. பிஷப் பங்களாவுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறவன் நான். கேட்டது ஆர்தரை. அதுவும் வாயால் இல்லை.

பிப்ரவரி கடைசி வியாழக்கிழமை ஹெலினாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டெக்ஸ்டர், நகரத்துக்கு அந்தப் பக்கம் வானவடிப் பையன், கப்பலில் வேலை. மார்ச் பத்தாம் தேதி கப்பல் ஏறினால் ஒன்பது மாசம் கழித்துத்தான் தரையில் கால் வைப்பான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். 'இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள்' என்று ஆயர் அறிவிப்பதுதான் ஓலை. மூன்று ஓலை இல்லாமல் எங்கள் கோயிலில் தாலி ஏறாது. மார்ச் முதல் வாரத்தில் சாம்பல் புதன், அதற்கப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணமே கிடையாது. பிப்ரவரியில் நாலு ஞாயிறு. வேண்டியது மூன்று.

பிப்ரவரி இரண்டு, முதல் ஓலைக்காக டெக்ஸ்டரும் அவன் அம்மாவும் வானவடியிலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புதுப்பட்டு, மல்லிகைப் பூ. ஆயர் அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். இரத்த தான முகாம். கோயில் வளாகத்தில் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தாதீர்கள். அவ்வளவுதான், அடுத்த பாட்டு.

ஹெலினா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஆர்தர் தரையைப் பார்த்தான்.

ஆராதனை முடிந்து நாங்கள் எல்லாரும் ஆயர் அறைக்குப் போனோம். அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டே அவர் சொன்னார்:

"ஓலை வாசிக்கிறது ஆயரோட அதிகாரம். கீழ்ப்படியாத வீட்டுக்கு நான் எப்படி வாசிக்க?"

"ஐயா, தப்பு நான் பண்ணுனது. பிள்ளைக்கு என்ன?" என்றான் ஆர்தர்.

"அப்போ சபை முன்னால நின்னு மன்னிப்புக் கேளு. எழுதிக் கொண்டாந்து வாசி. வர்ற ஞாயிறு நீ வாசிச்சா, அன்னைக்கே நான் ஓலை வாசிக்கேன்."

டெக்ஸ்டரின் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாள். "எங்களுக்கு இந்தச் சண்டையெல்லாம் வேண்டாங்க. பையன் போயிட்டு டிசம்பர்ல வருவான். அதுக்குள்ள எத்தனையோ எடம் கேட்டு வருது" என்றாள்.

"மம்மி!" என்றான் டெக்ஸ்டர்.

"சும்மா இருடா. நீ கடல்ல இருப்ப. பேச்சு கேக்கறது நான்."

புதன்கிழமை நான் ஆர்தர் வீட்டுக்குப் போனேன். ஹெலினா வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள், கண் வீங்கியிருந்தது.

"பவுன் தாத்தா, அப்பாகிட்ட சொல்லுங்க. சாரி சொல்ல வேணாம். கோர்ட்ல ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம், பஸ், கதம். முடிஞ்சுது."

"டெக்ஸ்டர் அம்மா சம்மதிப்பாளா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

நான் ஆர்தரிடம் திரும்பினேன். "ஏலே, ரெண்டு வரி. வாசிச்சிட்டு வந்து உக்காரு. நான் எத்தனை இன்ஜினியர் முன்னால கைகட்டி நின்னிருக்கேன் தெரியுமா? நின்னதாலதான் இன்னைக்கு அவனுக எல்லாம் எனக்கு சலாம் போடுதானுக. நானே டைப் அடிச்சுக் கொண்டாரேன், கையெழுத்து மட்டும் போடு."

"வேண்டாம் அண்ணாச்சி. நானே எழுதுதேன்."

"நல்லா எழுது. 'கீழ்ப்படியாமல் நடந்தேன்'னு வரணும்."

"முப்பத்தொரு வருஷமா எல்லாப் பிள்ளைக கல்யாணத்துக்கும் நான் மணி அடிச்சிருக்கேன்" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எம்பிள்ளைக்கும் அங்கனதான் நடக்கணும்" என்றான். என் பேச்சைக் கேட்டுவிட்டான் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

ஒன்பதாம் தேதி ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது; டெக்ஸ்டரும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் முகம் காட்டுகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். ஒருவன் தலைகுனிவதைப் பார்க்க என்றால் நம் ஆட்களுக்கு எவ்வளவு பக்தி! ஆயர் அன்றைக்கு எட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து நின்றார். நாஷ்டாவைத் தியாகம் பண்ணியிருக்கிறார்.

அறிவிப்பு நேரத்தில் ஆர்தரைக் கூப்பிட்டார். ஆர்தர் துவைத்த வெள்ளைச் சட்டையில் முன்னால் போனான். சட்டைப் பையிலிருந்து நாட்காட்டித் தாள்களை எடுத்தான். ஒரு தாள் இல்லை, ஒரு கட்டு. பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தான். வாசிக்க ஆரம்பித்தான்.

"சபையாருக்கு, கோயில்குட்டி ஆர்தர் எழுதிக்கொண்டது. நான் உங்களுக்குத் தப்பு செய்தேன். போன வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எட்டு பதினாலுக்குக் கடைசி மணி அடித்தேன். அதற்கு அடுத்தது எட்டு இருபது. அதற்கு அடுத்தது எட்டு பதினேழு."

ஆயரின் முகத்தில் இருந்த சாந்தம் அப்படியே உறைந்தது.

"அன்னையர் ஞாயிறு எட்டு இருபத்திரண்டு. மழைக்காலத்தில் ஒரு நாள் எட்டு முப்பத்தொன்று. அன்று மரியாள் பாட்டி நனைந்துகொண்டே வந்து, மணி அடிக்கவில்லையே, சீக்கிரம் வந்துவிட்டேன் போல என்று என்னிடம் சொன்னார்கள். ஆமா பாட்டி என்று சொன்னேன். அது பொய். கோயில் மணி பொய் சொன்னால், அது கயிற்றைப் பிடித்தவன் சொன்ன பொய்தான். யார் சொல்லி அடித்தேன் என்பது பிறகு. அடித்தது என் கை."

"ஆர்தர், போதும்" என்றார் ஆயர்.

"இன்னும் ஒரு தாள் இருக்கு ஐயா." புரட்டினான். "ஜனவரி இருபத்தாறு எட்டுக்கு அடித்தேன். அதில் என்ன தப்பு என்று பத்து நாள் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்."

நான் உள்ளுக்குள் குதித்தேன். அடி சக்கை! பயல் இத்தனை நாள் வாயை எங்கே வைத்திருந்தான்? அப்போதுதான் அவன் கடைசித் தாளைத் தூக்கிப் பிடித்தான்.

"இந்த ஐயா வருவதற்கு முன்னாலும் நான் சுத்தம் இல்லை. பன்னிரண்டு வருஷம், செயலாளர் அண்ணாச்சி வீட்டம்மா வந்து உட்காருகிற வரைக்கும் ஐந்து நிமிஷம் மணியைப் பிடித்து வைத்திருக்கிறேன். அண்ணாச்சி கேட்டில் நின்று கை காட்டுவார்கள். அங்கேதான் எனக்குப் பழக்கம் ஆனது. அதற்கும் மன்னிக்கணும்."

என் காது சுட்டது. நூற்றைம்பது தலை என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து நின்றேன். ஆர்தரைத் திட்டப் போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் வளர்த்துவிட்ட ஆள், அவன் கூரைக்கு ஓடு மாற்றிக் கொடுத்தவன் நான், என்னையா?

அப்போது பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையிலிருந்து எல்சி, என் சொந்த மனைவி, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அஞ்சு இல்ல ஆர்தர், பத்து நிமிசம். எழுதுறத சரியா எழுது. எனக்குச் சேலை கட்ட நேரமாவும்."

கோயில் சிரித்தது. மரியாள் பாட்டி பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பாடகர் குழு சிரித்தது. எனக்கும் வந்துவிட்டது, என்ன செய்ய, அவள் சொன்னது உண்மை. கேட்டில் நின்று கையைக் காட்டினவன் நான். எவனாவது என்னைக் கேட்டானா? கேட்க மாட்டான் என்றுதானே காட்டினேன்.

சிரிப்பு அடங்கியதும் நான் பேசினேன். இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"ஆர்தரு, சபை உன்னை மன்னிச்சாச்சு. என்னையும் சேத்து மன்னிச்சிரட்டும். ஐயா, நீங்க சொன்னபடி அவன் வாசிச்சிட்டான். இப்போ நீங்க சொன்னபடி ஓலைய வாசிங்க."

"இதுவா மன்னிப்பு? இது..." ஆயர் அறிவிப்புத் தாளைச் சுருட்டினார். "ஓலைப் புத்தகம் உள்ள பீரோவுல இருக்கு. பூட்டியிருக்கு. அடுத்த பாட்டு நூத்துப் பதினாலு."

ஆர்மோனியம் ஆரம்பித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பேசி வைத்துக்கொண்டது இல்லை. மரியாள் பாட்டி உட்கார்ந்தே இருந்தாள், அவளைப் பார்த்து மற்றவர்களும். ஆர்மோனியக்காரர் இரண்டு வரி வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

ஆர்தர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினான். "பீரோ சாவி எங்கிட்டதான் இருக்கு ஐயா. தினம் நான்தானே துடைக்கேன்." போனான், புத்தகத்தைக் கொண்டுவந்து, நாடா வைத்த பக்கத்தைத் திறந்து ஆயர் முன்னால் வைத்துவிட்டு, சபையோடு வந்து உட்கார்ந்தான்.

ஆயர் வாசித்தார். இந்திராயணிக்கு அக்கரையில் கேட்கிற குரல், அன்றைக்கு நாலாவது வரிசைக்கே எட்டவில்லை. 'தடை இருந்தால்' என்ற இடத்தில் நான் எழுந்து சபை முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தேன். எவன் வாயைத் திறப்பான்? டெக்ஸ்டரின் அம்மா மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், "அவங்கதான் பொண்ணோட அப்பா. நல்ல மனுஷன் போல" என்றது என் காதில் விழுந்தது.

பதினாறாம் தேதியும் இருபத்துமூன்றாம் தேதியும் மீதி இரண்டு ஓலையும் ஒழுங்காக வாசித்தாகிவிட்டது. இரண்டு நாளும் ஆயர் எட்டுக்கு முன்னால் வந்தார். பாணேரில் நாஷ்டா ஆறி அவலாகியிருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆர்தர் என் வீட்டுக்கு வந்தான். அந்தத் தாளைப் பற்றி இரண்டு பேரும் அதுவரைக்கும் பேசியிருக்கவில்லை. நான் முகத்தைக் கொஞ்சம் தூக்கித்தான் வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு நான் பிள்ளைய அழைச்சிட்டு உள்ள வரணும். கயிறு பிடிக்க ஆள் இல்ல."

"நாற்பது பேர் இருக்கான் எங்கிட்ட. ஒருத்தனை அனுப்புதேன்."

"அவங்க வேண்டாம். நீங்க பிடிங்க."

"நானா?"

"நீங்க கயிறு பிடிச்சா, கேட்ல நின்னு கை காட்ட ஆள் இருக்காதுல்லா."

உள்ளே எல்சி பாத்திரம் கழுவிக்கொண்டே சிரித்தது கேட்டது.

மணி அடிப்பது லேசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுபது அடி உயரத்தில் சாரம் கட்டி நின்றவன் நான். இந்தக் கயிறு என்னைப் பொம்மை மாதிரி ஆட்டியது. வியாழக்கிழமை பத்தரைக்குக் கல்யாணம். பத்து இருபதுக்கே ஆயர் அங்கியோடு தயார். வாசலில் ஹெலினா வெள்ளைப் பட்டில், ஆர்தர் எப்போதோ வாங்கி வைத்த கோட்டில். எல்லாரும் வந்தாகிவிட்டது, ஒரு ஆளைத் தவிர. எல்சிக்குப் போன் பண்ணினேன்.

"ரிக்ஷா கிடைக்கல. இப்ப ஏறிட்டேன். பத்து நிமிசம். பிடிச்சு வைங்க!"

ஆர்தர் வாசலில் மகளின் கையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். கோட்டுக் கையை லேசாக விலக்கி, கைக்கடிகாரத்தைத் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்தான்.

முள் பத்தரையைத் தொட்டது. நான் இழுத்தேன். முதல் மூன்று அடி கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தது, அதற்கப்புறம் சுத்தம். என்னைக் கடந்து போகும்போது ஆர்தர் குனிந்து, "கயிறுல தொங்காதீங்க அண்ணாச்சி, விட்டு விட்டுப் பிடிங்க" என்றான்.

எல்சி வந்தபோது பத்து நாற்பத்தொன்று. சபை முழுக்க நின்று பாடிக்கொண்டிருந்தது, உட்கார இடமில்லை. கடைசித் தூணோரம், கயிற்றுக்குப் பக்கத்தில், என்னோடு வந்து நின்றுகொண்டாள். கல்யாணம் முடிகிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்ததைக் காட்டியிருப்பேன்.